காற்றுக்கு முதுகு காட்டிய வீடு

"மலைக்கு வந்து மலையைப் பாக்காத வீடு! காத்துக்கு முதுகு காட்டி ஓடுற மாதிரி நிக்குது" என்று டொக்டர் சொன்னபோது, என் மச்சாள் தோளிலிருந்த பையைக்கூட இறக்கியிருக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்து கட்டடக்கலைஞரான மச்சாள், தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை அந்த வீடு. மின்கம்பி எட்டாத கரடுமுரடான மலைச்சரிவில், ஒரு பெரும்பாறையின் மறைவில், அங்கே கிடைத்த கல்லாலேயே கட்டியிருந்தாள். மேலேயிருந்த ஊற்றின் நீர் குழாய்வழியே தானாக இறங்கி வந்தது. ஓடைத் தண்ணீர் சுழற்றிய சிறிய டைனமோ விளக்குகளுக்குப் போதும். பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கம் மட்டும் கனத்த வெறும் சுவர். பெருங்காற்று அந்தப் பக்கத்தால்தான் வரும் என்று அங்கே கூடாரமடித்துத் தங்கிப் பார்த்தே முடிவு செய்திருந்தாள்.

வீட்டுக்காரரான டொக்டருக்கோ அங்கே கண்ணாடிச் சுவர் வேண்டும். மரங்களை வெட்டி மின்கம்பி இழுக்கவும் ஆள் பிடித்திருந்தார். "ரெண்டு நாள் தங்கிப் பாப்பம். பிடிக்கேல்லையெண்டா இடிச்சு மாத்துவன்" என்றார். அந்த இரண்டு நாளைத் தனியே தாங்கமுடியாது என்றுதான் வெள்ளவத்தையிலிருந்து, அண்ணன் மனைவி என்பதால் தனக்கும் மச்சாளான என்னையும் அழைத்து வந்திருந்தாள்.

மறுநாள் பின்னேரம் புயல் அடித்தது. மரங்கள் முறிகிற சத்தம் கேட்டது. கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து விளக்குகள் ஒரேயடியாக அணைந்தன. எங்கள் விளக்குகள் சிமிட்டக்கூட இல்லை. மச்சாள் அந்த வெறும் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

கதவு தட்டப்பட்டது. நனைந்த குழந்தையுடன் ஒரு பெண். அவள் பின்னால் ஒரு கூட்டம்.

"லயத்துக் கூரையெல்லாம் பறந்திருச்சுங்க. இங்க மட்டுந்தான் வெளிச்சம் தெரிஞ்சிச்சு. புள்ளைகளையாவது உள்ள விடுங்கம்மா."

மச்சாள் டொக்டரைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கிறீர்? முழுசாத் திறவும்!" என்றார் அவர்.

கூடம் நிறைந்தது. நான் பெரிய பானையில் கஞ்சி வைத்தேன். பறந்த கூரைத் தகரம் கிழித்த ஒருவரின் கைக்கு டொக்டர் அந்த வெளிச்சத்தில் தையல் போட்டார். குழந்தைகள் வெறும் சுவரில் சாய்ந்து, வெளியே காற்று ஊளையிட, நிம்மதியாகத் தூங்கிப்போனார்கள். டொக்டர் அவர்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் மச்சாளிடம் வந்து, "கம்பிக்காரரை வரவேண்டாம் எண்டு சொல்லப்போறன். கண்ணாடியும் வேண்டாம்" என்று தணிந்த குரலில் சொன்னார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ டொக்டர்" என்றாள் அவள். "அடுப்படியில நிக்கிற என்ர மச்சாளுக்கும் கேக்கட்டும்!"