மைனஸ் இரண்டு

என் அப்பாவின் கீபோர்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சைத் திரை இருந்தது. அதில் ஏதேதோ எண்கள் வந்து போகும். ஆறாம் வகுப்பு வரைக்கும் நான் அவற்றைக் கண்டுகொண்டதில்லை. ஆறாம் வகுப்பில் கணக்கு டீச்சர் கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். நடுவில் பூஜ்யம் போட்டு, வலது பக்கம் போகப் போகப் பெரிது, இடது பக்கம் போகப் போகச் சிறிது என்று சொல்லிக்கொடுத்தார். அந்த வாரத்தில்தான் எனக்கு நிம்மதி போயிற்று.

அப்பா மதுரையில் ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் வாசித்தார். கோயில் பொங்கல், கல்யாண வரவேற்பு, காதுகுத்து என்று சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் ஒரு பழைய வேனில் போய் வருவார்கள். ஒத்திகை காளவாசலில் எங்கள் வீட்டு மாடியில் நடக்கும். வெளியே பஸ்காரர்கள் ஹாரனை அழுத்திப் பிடித்தால் அப்பா அதற்கும் சரியான கட்டையைக் கண்டுபிடித்து வாசித்துக் காட்டுவார். அப்பேர்ப்பட்ட காது. அந்தக் காதில் நான் பாடுவது மட்டும் விழவே விழாது என்பது என் கட்சி.

விழுந்ததெல்லாம் அத்தை மகள் பாடியதுதான்.

அவள் என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள். அதனால் அவளை மதினி என்று கூப்பிட வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். நான் ‘இந்தா’ என்று கூப்பிட்டே சமாளித்து வந்தேன். அவளுடைய அப்பா துபாயில் இருந்தார், போனில் மட்டும் வருவார். அத்தையும் அவளும் பக்கத்துத் தெருவில் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் சீருடையைக்கூட மாற்றாமல் எங்கள் மாடிக்கு வந்துவிடுவாள். எங்கள் வீட்டு டம்ளரில் எங்கள் வீட்டு வெந்நீரைக் குடித்துவிட்டு, எங்கள் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து பாடுவாள். மெல்லிசாக, கம்பி மாதிரி ஒரு குரல். எம்புட்டு மேலே போனாலும் முகம் சுளிக்க மாட்டாள். கச்சேரிகளில் இரண்டு பாட்டு அவளுக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள்.

அவள் பாடியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பாடி முடித்ததும் அப்பா அவளிடம் “சரியா வந்துச்சா பாப்பா?” என்று கேட்பாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. என்னிடம் அவர் கேட்கும் கேள்விகள் வேறு. வீட்டுப்பாடம் முடிஞ்சுச்சா, சிலிண்டர்காரன் வந்தானா.

ஒருமுறை வண்டியூரில் கச்சேரி முடிந்து வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஒரு அம்மா வந்து, அத்தை மகள் கன்னத்தைக் கிள்ளியபடி, “ஒங்க மகளாண்ணே, அம்புட்டு நல்லாப் பாடுது” என்றார். அப்பா வயரிலிருந்து தலையைத் தூக்காமல் “ஆமா” என்றார். நான் ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், மறுக்கவில்லை. அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடி இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவுக்குக் கேட்கும்படி, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “தங்கச்சி மகள்னா கீபோர்டுப் பெட்டி தன்னால பாடுது. பெத்த மகள்னா உறையப் போட்டு மூடிக்கிருது.”

இதற்கு மேல்தான் கணக்கு டீச்சரின் கோடு வந்து சேர்ந்தது. ஒரு நாள் ஒத்திகையில் அவள் பாடும்போது எதேச்சையாகத் திரையைப் பார்த்தேன். +3 என்று இருந்தது. அன்றைக்கு அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அப்பா என்னையும் பாடச் சொல்லியிருந்தார். நான் வந்து நின்றதும் ஒரு பொத்தானைத் தட்டித் தட்டி எண்ணைக் குறைத்தார். இரண்டு, ஒன்று, பூஜ்யம். அதோடு விடுவார் என்று பார்த்தேன், விடவில்லை. -2 வரைக்கும் போய்த்தான் நிறுத்தினார். நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் மார்க் போட்டுவிட்டார்.

“அவளுக்கு மட்டும் பிளஸ், எனக்கு மைனஸா?”

எல்லாரும் சிரித்தார்கள். பேஸ் கிடார் வாசிக்கிற அண்ணன் கிடாரை மடியில் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். அப்பா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தொண்டைக்கும் ஓர் உயரம் உண்டு, பாட்டை அதற்குத் தக்கபடி ஏற்றுவதும் இறக்குவதும்தான் அந்தப் பொத்தானின் வேலை, பிளஸ் என்றால் பாட்டு மேலே போகும், மைனஸ் என்றால் கீழே வரும், “இது மார்க் இல்லடி.” ஃபெயில் ஆன பிள்ளைகளிடம் டீச்சர்களும் இப்படித்தான் மார்க்கா முக்கியம் என்று ஆறுதல் சொல்வார்கள். எனக்குத் தெரியாதா?

அந்த வருஷம் சோழவந்தான் பக்கம் ஓர் ஊரில் அம்மன் கோயில் பொங்கலுக்கு இவர்களுக்குக் கச்சேரி. சாமி பாட்டு முடிந்ததும் என்னை ஒரு பாட்டுப் பாட வைப்பதாக அப்பா ஒத்துக்கொண்டார். எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். அத்தை மகள் வழக்கமாகப் பாடுகிற பாட்டு என்பது மட்டும் போதும். வேறு பாட்டு வேண்டாம், அதுதான் வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். அவள் பாடி ஜெயித்த பாட்டை அவள் கண் முன்னால் நான் பாட வேண்டும், அப்பா என்னைப் பார்த்து “சரியா வந்துச்சா?” என்று கேட்க வேண்டும். அந்த வயதில் எனக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பொழுது சாய்ந்து டியூப் லைட்டுகள் போட்ட நேரம். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கைக் கையில் வாங்கினேன். அப்பா பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். நான் மைக்கைப் பாவாடையில் பொத்திக்கொண்டு அவர் பக்கத்தில் போய், “பிளஸ் மூணு வச்சாத்தான் பாடுவேன்” என்றேன்.

“பாட முடியாதுடி உன்னால.”

“அவ பாடுறா.”

“அவ தொண்டை வேற.”

“அப்ப நான் எறங்கிப் போறேன்.”

கூட்டத்தில் ஒருவர், “பாப்பா, நீ பாடு. உங்கப்பன் சண்டைய வீட்ல வச்சுக்கிரட்டும்” என்று சத்தம் கொடுத்தார். சிரிப்பு எழுந்தது. அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். திரையில் +3 வந்தது.

பல்லவி எப்படியோ போய்விட்டது. எப்படியோ என்றால், மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு ஏறுவது போல. கழுத்து நரம்பு இழுத்தது. இரண்டாம் முறை பல்லவி பாடும்போது கடைசி வார்த்தையில் குரல் ஓட்டைக் குழாய் போலச் சீறியது. சரணம் இதைவிட மேலே ஏறும் என்பது எனக்குத் தெரியும். மேடை ஓரத்தில் நின்ற அத்தை மகளுக்கும் தெரியும். அவள் தன் சடை நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். எப்போது விழுவேன் என்று காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்போது பாட்டு திடீரென்று நின்று, தாளம் மட்டும் தனியாகக் கிளம்பியது. ரிதம் பேட் வாசிக்கிறவர் வெளுத்து வாங்கினார். ஒத்திகையில் இப்படி ஒன்று இல்லவே இல்லை. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து ஆட ஆரம்பித்தன, இளவட்டங்கள் விசிலடித்தார்கள். எனக்காகத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எனக்குப் பட்டது. நானும் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். தாளம் அடங்கிக் கீபோர்டு திரும்ப வந்ததும் சரணத்தை எடுத்தேன். அதிசயமாக இருந்தது. தொண்டை தானாகத் திறந்துகொண்டது. உயரமான இடத்தைச் சும்மா தாண்டிப் போனேன். பிளஸ் மூன்று பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

இப்போது நானும் கீபோர்டு வாசிக்கிறேன். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலைக்கு எழுதிப் போட்ட இடங்கள் பதில் சொல்வதற்குள் கிடைக்கிற கச்சேரிக்கெல்லாம் பாய்ந்து போய்விடுகிறேன். போன வருஷம் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மண்டபத்தில் அந்தப் பேஸ் கிடார் அண்ணனோடு வாசிக்க வாய்த்தது. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“இவ சின்னதுல ஒரு கச்சேரியக் கலங்கடிச்சா பாருங்க. பல்லவி முடியுது, இவ கதை முடியப் போகுதுன்னு எங்களுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. இவ அப்பா பேட்காரனப் பாத்து, நீ மட்டும் அடிங்குறாரு. என்னையப் பாத்து, பெட்டிக்குக் கீழ அஞ்சு வெரலையும் விரிச்சு, எறக்குங்குறாரு. ஓடுற பாட்டுல அஞ்சு எறக்குன்னா நான் எங்கிட்டுப் போக? அண்ணே, வெளையாடுறீங்களான்னேன். பேசாம வா தம்பின்னுட்டாரு. தாளச் சத்தத்துல ஊருக்கு ஒண்ணும் தெரியல. இவளுக்கே தெரியல.”

எனக்குப் பிளஸ் மூன்றிலிருந்து ஐந்து இறக்கினால் என்ன வரும் என்று ஆறாம் வகுப்புக் கோட்டில் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஊருக்குத் தெரியவில்லை என்று அவர் சொன்னது முழுக்க உண்மையில்லை. அன்றைக்கு நான் மேடையிலிருந்து இறங்கி நேராக அத்தை மகளிடம்தான் போனேன். காலி ஸ்பீக்கர் பெட்டி மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த பாட்டு அவளுடையது.

“பாத்தியா, பிளஸ் மூணு” என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உனக்கென்னடி. நீ விழப்போறன்னா பாட்டையே கீழ எறக்கிக் குடுக்க ஆளு இருக்கு” என்றாள்.

அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. தோற்றவர்கள் ஏதாவது சொல்வார்கள்தானே.

“வயித்தெரிச்சலா?” என்று கேட்டேன்.

“ஆமா” என்றாள்.

மழுப்புவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். இப்படி நேராக ஒத்துக்கொள்வாள் என்று நினைக்கவில்லை. அதற்குள் அவளை மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள். பெட்டியிலிருந்து குதித்து, தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டு மேலே போனாள்.

நான் மேடைப் படியில் நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பாடி முடிக்கிறவரைக்கும் என் முகத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்த அப்பா, அவள் பாடும்போது ஒருதரம்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். பாட்டு முடிகிறவரைக்கும் திறக்கவே இல்லை. அவளைப் பார்க்கக்கூட அவருக்குப் பிடிக்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.