பூசை மாலையும் தடுப்புக் கட்டையும்

பெரிய கிராணியாரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். ஷீட் மெஷினில் விளையாடிக் கையைக் கொடுத்தாள் என்று அந்தப் பெண்ணைப் பற்றித் தோட்டத் துரை முன் நின்று சொன்னது பொய். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போதே நான் சாஆ ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் டிரெசர். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பது என் வேலை. அதோடு, ஆங்கிலப் பள்ளியில் கடைசிப் பரீட்சை தேறிக் கிராணியாகத் தோட்டக் கணக்கெழுதப் பழக வந்த நாலு பேருக்கு வாரம் ஒருநாள் பாடமும் எடுத்தேன். ரப்பர்ப் பால் உறைய ஆசிட்டை எப்படிக் கலப்பது, ஓடும் மெஷின் பக்கத்தில் எங்கே நிற்பது என்ற பாடம். பரீட்சை தேறியவனுக்குக் கை கழுவச் சொல்லித்தர ஒரு டிரெசரா என்று என் காதில் விழவே பேசுவார்கள். ஒருவன் சட்டை மடிப்புக் கலையக் கூடாதென்று வாசலிலேயே நிற்பான்.

நான் விடவில்லை. ரப்பரை ஷீட்டாக்கும் ஸ்டோருக்குள் கூட்டிப்போய் ஷீட் மெஷினின் ஓடும் ரோலரில் ஒரு சாக்குத் துண்டை விட்டுக் காட்டினேன். அது உள்ளே போன வேகத்தைப் பார்த்தபின் பேச்சுக் குறைந்தது. ரோலருக்கு முன்னால் ஒரு மரக்கட்டை இருக்கும். உறைந்த ரப்பர் அதன் அடியில் நுழையும், கை நுழையாது. கட்டை இல்லாமல் மெஷின் ஓடக் கூடாது. என் பாடத்தில் பாதி அதுதான்.

ஆயுத பூசை அன்று நான் ஒரு நோயாளியோடு சிகாமட் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இங்கே நீங்கள் மெஷினைக் கழுவிச் சந்தனம் பூசினீர்கள். கட்டை மறைக்கிறது, கழற்றுங்கள் என்றீர்கள். ரோலருக்கு மேலே பெரிய மாலை. மறுநாள் முதல் ஓட்டம் மாலையோடு நடந்தால்தான் ராசி என்றும் சொன்னீர்கள். மாலை தொங்கினால் கட்டையை மாட்ட முடியாது. மாட்டவில்லை.

மறுநாள் காலை மெஷினில் ஷீட் விட நின்றவள் அவள். மாலை நழுவி ரோலருக்குள் போனது. சாமிக்குப் போட்டது நசுங்கலாமா என்று கையை நீட்டி இழுத்தாள். நான் சிகாமட்டிலிருந்து வந்து இறங்கியபோது தோட்டத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடந்தாள். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். புண்ணிலிருந்து சாமந்தி இதழ்களைப் பொறுக்கி எடுத்தேன். நான் ஸ்டோருக்குப் போவதற்குள் கட்டை பழையபடி மாட்டியிருந்தது.

அடுத்த வகுப்பில் கட்டையைக் கழற்றியது யார் என்று கேட்டேன். வாசலில் நிற்கும் அந்தச் சட்டை மடிப்புக்காரன்தான் சொன்னான்.

"நாங்கதான் ஐயா. பெரிய கிராணி கழட்டச் சொன்னாரு."

துரையிடம் வந்து சொல்வாயா என்றேன். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான்.

"சொல்லிட்டு? நாளையிலிருந்து இவனும் உங்ககூட உட்கார்ந்து புண்ணு கழுவுவானா ஐயா?"

சட்டை மடிப்புக்காரன் வந்தான், சொன்னான். முடிந்த விஷயம் என்று துரை எழுந்துவிட்டார். அவனுக்கு வேலை இல்லை, எனக்கு வகுப்பு இல்லை. அவளைக் குடும்பத்தோடு லயத்து வீட்டை விட்டுத் துரத்தினீர்கள். கவனமில்லாதவள் என்ற பேச்சு யோங் பெங் தோட்டங்கள் வரை அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. எந்தத் தோட்டமும் எடுக்கவில்லை.

போகும்போது என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"விரலு போனது போகட்டும் டிரெசரய்யா. சாமி மாலைன்னுதானே கை வெச்சேன். வெளையாடினேன்னு சொன்னாங்களே, அத யாரு மாத்துவா?"

நீங்கள் நிறுத்திய வகுப்பைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் நானே நடத்தினேன். ஷீட் போடும் பெண்கள் வந்தார்கள், கங்காணிகளும் வந்தார்கள். பூசைக்கு மாலையைச் சுவரில் மாட்டு, கட்டையில் கை வைக்காதே என்று ஒவ்வொருவர் வாயாலும் சொல்ல வைத்தேன். இன்றும் வைக்கிறேன்.

நீங்கள் இப்போது சிகாமட்டில் பெரிய மனிதர். ஆயுத பூசைக்குக் கோயிலில் முதல் மாலை உங்களுக்கு. அவள் அதே ஊரில் இடது கையால் அப்பம் சுட்டு விற்கிறாள். வருகிற பூசைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் நிற்பேன். மாலை உங்கள் கழுத்தில் விழும் முன், அத்தனை ஜனத்துக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: அந்தக் கட்டையைக் கழற்றச் சொன்னது யார்?