வெள்ளைத் துணி நாட்களில் விட்ட மாத்திரை

வெள்ளைச் சட்டை தைப்பதில் அந்தத் தெருவில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. 'வெள்ளையார்' என்றே பேர் நிலைத்துவிட்டது. அவர் உடம்பில் மட்டும் எப்போதும் நிறம் தெரியாத ஒரு பழைய சட்டை.

இதயம் தாளம் தப்பி ஓடுகிறது, உள்ளே ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் ஆபத்து என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். தினம் ஒன்று, ஆயுளுக்கும். மாத்திரை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. முன்பெல்லாம் விரலில் ஊசி ஏறினால் வாயில் வைத்துச் சூப்பினால் போதும். இப்போது பஞ்சு நனைய நனைய வழிந்தது. ஒருநாள் வக்கீல் ஒருவரின் காலரில் ஒரு சொட்டு. எச்சில் தொட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"கொலை கேஸுக்கு மட்டும் போட்டுக்கவா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையை மேசையில் எறிந்து போனார் வக்கீல்.

அன்றிலிருந்து வெள்ளையார் தானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். கலர் துணி நாளில் மாத்திரை உண்டு, வெள்ளைத் துணி நாளில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் கட்டும் மனைவி கவனித்துவிட்டாள்.

"ஏங்க, நேத்து மாத்திரை அப்படியே இருக்கு?"

"நாளைக்குச் சேத்துப் போட்டுக்கறேன்."

"சேத்துப் போட அது என்ன ரெட்டைத் தையலா? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க."

"அவர் என்ன காலரா தைக்கறாரு?"

பள்ளித் திறப்புக்கு நூற்றிருபது வெள்ளைச் சட்டை வந்தது. பன்னிரண்டு நாள் வேலை. ஒரு சட்டையிலும் புள்ளிக் கறை இல்லை. கடைசி நாள் காலை பத்து மணிக்குக் கத்தரிக்கோல் வலது கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது.

"கை மரத்துப்போச்சு. கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று குழறினார். பன்னிரண்டு நாள் அசதி என்று அவளும் நம்பி, ஃபேனை அவர் பக்கம் திருப்பிவிட்டாள். மூன்று மணிக்கு எழுப்பியபோது பாதி ஆள்தான் எழுந்தார்.

"அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கும்மா. நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். எப்ப ஆரம்பிச்சது?" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"பத்து மணி."

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். நான்கு.

"மாத்திரை தினமும் போட்டாரா?"

"கலர் துணிக்கு மட்டும்" என்றாள். டாக்டருக்குப் புரியவில்லை.

இப்போது ஒரு நாள் தவறாமல் மாத்திரை போடுகிறார். தையல் மெஷின் மேல் பழைய துணிமூட்டை ஏறிவிட்டது. மாதம் ஒருமுறை ரத்தம் சோதிக்க அவள் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகிறாள். போன மாதம் லேப் பெண் வலது விரலில் குத்தினாள். அவருக்கு வலிக்கவில்லை, குத்தியதே தெரியவில்லை. மேசை விரிப்பில் ஒரு சொட்டு விழுந்தபோதுதான் பார்த்தார். வெள்ளை விரிப்பு. இடது விரலில் எச்சில் தொட்டுப் பதறித் தேய்க்கத் தொடங்கினார்.

"விடுங்கய்யா, துவைக்கத்தான் போகுது" என்றாள் அந்தப் பெண்.

அவர் விடவில்லை. உணர்வில்லாத வலது விரலிலிருந்து பக்கத்திலேயே இன்னொரு சொட்டு விழுந்தது.