பானையும் பிள்ளையும்

“…அதெல்லாம் சரிதான் அண்ணாச்சி. பானைய இங்கன கொண்டாந்து வச்சிட்டீய. பிள்ளைய எங்கன வச்சிருக்கீய?”

சித்தி இப்படிக் கேட்டதும் அந்த அறையில் பேச்சு நின்றுபோனது. கேட்ட கேள்வியை விட, கேட்டது யார் என்பதுதான் எல்லாரையும் திகைக்க வைத்தது. ஆண்கள் நிற்கிற இடத்தில் சித்தி வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட அம்மாதான் கேட்க வேண்டும். சித்தி பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

கோவில்பட்டியில் அன்றைக்கு மியூசியம் திறப்பு விழா. மியூசியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பருத்தி மூட்டை அடுக்குகிற ஒரு பழைய கிட்டங்கியின் முன்பக்கத்தில் இரண்டு அறைகள். பாங்கில் வேலை பார்த்த ஒருவர், தன்னைப் போன்ற நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கரிசல்காட்டு ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போய், பழைய சாமான் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். பேரீச்சம்பழம் தருவாரா என்று சில ஊர்களில் கேட்டார்களாம். அப்படியும் தானியம் அளக்கிற மரக்கால், கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைச் சால், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற சட்டம், கலர் கலராகத் தீப்பெட்டி லேபிள்கள் என்று சேர்த்துவிட்டார். எங்களுக்கு அவர் ‘மியூசியம் சார்’.

அவர் சேர்த்ததில் விசேஷமானது எங்கள் வீட்டுப் பானைதான். அந்த வருஷம் விதைப்புக்கு முன்னால் மேற்குப் புஞ்சையில் டிராக்டர் உழுதபோது கலப்பையில் ஏதோ தட்டியது. சித்தப்பா மண்வெட்டியால் மண்ணை விலக்கிப் பார்த்தார். ஒரு தாழியின் வாய் தெரிந்தது. அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பானை. அப்பா ஆள் அனுப்ப, மியூசியம் சார் பிரஷ்ஷும் சாக்குமாக வந்து, பிள்ளை பெறுகிற வீட்டு மருத்துவச்சி மாதிரி பக்குவமாக வெளியே எடுத்தார். பொம்பிளைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் வீட்டில் இருந்த எங்களுக்குப் பானை கிடைத்த சேதி மட்டும்தான் தெரியும்.

திறப்பு விழாவுக்கு ஊரே டிராக்டரில் ஏறி வந்தது. திறந்துவைக்கிற அதிகாரி பதினோரு மணிக்கு வருவார். அதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் பார்த்துவிட வேண்டும் என்பது மியூசியம் சாரின் பிடிவாதம். “கொடுத்தவங்க முதல்ல பாக்கட்டும், திறக்கிறவங்க பொறவு திறக்கட்டும்” என்றார். அந்தச் சொல் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய், டிராக்டரில் வரும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். பானைக்குக் கீழே அட்டையில் அப்பாவின் பெயர் இருந்தது. எங்கள் தெருக்கார மாமா ஒருவர் மேலே அண்ணாந்து பார்த்து, “பானைக்கு டியூப்லைட் போட்டிருக்கான்லே. நம்ம தெருவுல இன்னும் குண்டு பல்புக்கே வழியில்ல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் மியூசியம் சார் விளக்கம் சொன்னார். பெரியவர்களை வைக்கிற தாழி இடுப்பளவு இருக்கும். இது சின்னது, பிள்ளைக்கென்றே வனைந்தது. உள்ளே சின்ன எலும்புகளும் பால்பற்களும் இருந்தன. இரண்டு வயசுக்குள் இருக்கலாம். பக்கத்தில் ஒரு குட்டிக் கலயமும் வைத்திருந்தார்கள். அவர் சொல்லி முடிக்கவும் சித்தி கேட்டாள், பிள்ளை எங்கே என்று.

“பத்திரமா பீரோவுல இருக்கும்மா” என்றார் அவர். “மெட்ராஸுக்கு அனுப்பப் போறோம். அங்கன பாத்து எத்தனை வருஷத்துக்கு முந்தினதுன்னு சொல்லுவாங்க.”

“மெட்ராஸுக்கா? தனியாவா?”

யாரோ சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. பானையை வைத்திருந்த செங்கல் மேடைக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையைத் திரும்பப் பானைக்குள் வைக்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

முதலில் எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. நேரம் போகப்போக முகங்கள் மாறின. அந்த இரண்டு அறைகளைக் கிட்டங்கிக்காரர் விட்டுக்கொடுத்ததே வருகிற அதிகாரியின் வாய்ச்சொல்லை நம்பித்தான். அதிகாரி முகம் கோணித் திரும்பிவிட்டால் மரக்காலும் சாலும் மறுநாள் தெருவில் கிடக்கும். மியூசியம் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்பா சித்தியிடம் நேராகப் பேச மாட்டார். தம்பி பெண்டாட்டியிடம் மூத்தவர் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அதனால் நடுவில் நான்.

“ஏட்டி, ஒங்க சித்திகிட்ட சொல்லு. ஆபீசர் வார நேரம். மானத்த வாங்காம எந்திரிச்சு வரச் சொல்லு.”

நான் சித்தி பக்கம் திரும்பி அதை அப்படியே ஒப்பித்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கட்டில் போடுகிற இடம்கூட இல்லை.

“பிள்ளையப் பானைக்குள்ள வச்சா எந்திரிச்சிருதேன்னு ஒங்க அப்பாகிட்ட சொல்லு.”

சொன்னேன்.

“அது யாரு பெத்த பிள்ளையோ, எந்தக் காலத்துப் பிள்ளையோன்னு சொல்லு.”

அதையும் சொன்னேன். சித்தி பானையைப் பார்த்தபடியே, “யாரு பெத்தா என்னன்னு கேளு” என்றாள்.

நான் அப்பா பக்கம் திரும்பினேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பதிலை எடுத்துப் போகத் தயாராக நான் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற பையன், “ஜீப்பு பஜார் முக்குல திரும்பிருச்சு” என்று ஓடிவந்தான். வெளியே நின்ற சித்தப்பாவும் அவனோடு உள்ளே வந்தார். “ஏட்டி, எந்திரி. ஊரே பாக்குது” என்று குனிந்து சித்தியின் தோளைப் பிடித்தார். சித்தி சட்டென்று இரண்டு கையாலும் பானையைக் கட்டிக்கொண்டாள். மேடையில் பரப்பியிருந்த மணல் சரிந்தது. பானை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் அது தரையில்தான் விழும். சுட்ட மண்ணில் விரல் நகம் உரசுகிற சத்தம் கேட்டது.

“கைய எடுங்க அண்ணாச்சி. பானை போயிரும்” என்றார் மியூசியம் சார். சித்தப்பா கையை எடுக்கவில்லை, இழுக்கவும் இல்லை. அவர் உதடு நடுங்கியதைக் கோபம் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மியூசியம் சாரின் காதருகில் ஏதோ சொன்னாள். எனக்கு ‘மேற்கு வேலியோரம்’ என்பது மட்டும் கேட்டது. எங்கள் புஞ்சையின் வேலியைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அம்மா சொன்னது இன்னதென்று நான் பெரியவளான பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் பிறப்பதற்கு முன்னால் சித்திக்கு ஒரு பெண்பிள்ளை இருந்திருக்கிறது. நடக்கத் தொடங்கிய பிள்ளை, காய்ச்சலில் போய்விட்டது. சின்னப் பிள்ளைகளை எரிக்கிறதில்லை. பானை கிடைத்த அதே புஞ்சையில்தான், மேற்கு வேலியோரம், சித்தப்பா தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்திருக்கிறார். அதற்குப் பிறகு சித்திக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

மியூசியம் சார் கொஞ்ச நேரம் சித்தியைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். பிறகு அவசரமே இல்லாதவர் மாதிரி உள்ளறைக்குப் போய்ப் பீரோவைத் திறந்து, ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். கடலைமிட்டாய்ப் பெட்டி. சித்திக்கு மிட்டாய் கொடுத்துச் சமாதானம் செய்யப்போகிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு மேலே சுள்ளி மாதிரி என்னவோ.

“மெட்ராஸ்ல கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்” என்றார் அவர். “நீங்களே வைங்கம்மா.”

சித்தப்பா சித்தியின் தோளிலிருந்து கையை எடுத்தார். பெட்டிக்குள் பார்க்காமல், கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே போய் டிராக்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றார். அப்பா பானையை நிமிர்த்திச் சுற்றிலும் மணலை அணைத்துக் கொடுத்தார்.

ஜீப் வந்து நின்றது. செருப்புச் சத்தம், மாலை வாசனை, வணக்கம் வணக்கம் என்ற குரல்கள் எல்லாம் வாசலில் கேட்டன. சித்தி எதற்கும் திரும்பவில்லை. பஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் அள்ளி எடுத்தாள். மண்டிபோட்டு, தோள் வரைக்கும் பானைக்குள் கையை விட்டு, அடியில் வைத்தாள். பிறகு ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தாள்.

இன்னொரு கை வரவில்லை.

கண்ணாடி வளையல் உள்ளே எங்கோ மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். “சித்தி கை மாட்டிக்கிடுச்சும்மா, சோப்பு வேணும்” என்று அம்மாவின் சேலையை இழுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அதிகாரி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். யாரும் சித்தியை எழுப்பவில்லை. பானையின் வாயில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்த சித்தியின் தோள், ஒரே சீராக, மெல்ல மெல்ல, எதையோ தட்டிக்கொடுப்பது போல அசைந்துகொண்டே இருந்தது.