ராஜசேகரன் கண்டுபிடித்த எடை

காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்தால் போதும், டாக்டர் ராஜசேகரன் பழத்துக்கும் மரத்துக்கும் சேர்த்துத் தன் பெயரையே வைத்துவிடுவார். மலேசியாவின் ஜொகூர் பாருவில் அவருடைய ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக மாரடித்துக்கொண்டிருந்த ரூபினிக்கு இது வந்த வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

வேலை இதுதான். பாக்டீரியாவுக்குள் புரதம் கட்ட அமினோ அமிலங்களைத் தூக்கிச் செல்லும் சின்ன மூலக்கூறு டி.ஆர்.என்.ஏ. அதன்மேல் அங்கங்கே வேதிப் பூச்சுகள் இருக்கும். ரூபினி அதைப் பிரித்தெடுத்து, துண்டு துண்டாக வெட்டி, எடை பார்க்கும் கருவிக்குள் விடுவாள். எடை கூடிய துண்டில் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் எந்த நூலிலும் இல்லாத எடை ஒன்று வந்தது; அப்படியென்றால் யாரும் காணாத புதுப் பூச்சு.

"உலகத்துலயே நம்மதான் முதல் லா!" என்று சார் துள்ளினார். உடனே விழாவுக்கு ஏற்பாடு. தன் முகத்தை மட்டும் போட்ட பேனர், விருந்தினருக்கு மலாய்க்காரர் கடை நாசி பிரியாணி.

ரூபினிக்கு உறுத்தியது. அந்த ஆய்வகத்தில் எதைக் கழுவினாலும் டிரிஸ் என்ற கரைசல்தான். சார் படித்த காலத்துப் பழக்கம்; ஏன் என்று கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள் கரைசலை மாற்றிச் செய்து பார்த்தாள். புது எடை போன இடம் தெரியவில்லை. ஏற்கெனவே தெரிந்த பூச்சு ஒன்றின்மேல் கழுவிய கரைசலே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுடைய ஆய்வேடு முழுக்க அந்த எடையை நம்பித்தான் நின்றது. இருந்தும் போய்ச் சொன்னாள்.

"வாய மூடிக்கிட்டு இரு. உன் தீசிஸும் சேந்துதான் போகும், தெரியும்ல?"

"போகட்டும் சார். பொய்ய என் பேர்ல எழுத மாட்டேன்."

அவள் மசியமாட்டாள் என்று புரிந்ததும் மனிதர் பேச்சையே திருப்பிப் போட்டார். விழா மேடையில் ஏறி, "டிரிஸ் கரைசல் உலக ஆய்வகங்களையே ஏமாற்றக்கூடியது. அதை நான் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்" என்றார். ரூபினியின் பெயர் வரவேயில்லை. அரங்கம் கைதட்டியது. வெட்கங்கெட்ட ஜென்மம் என்று அவள் பல்லைக் கடித்தாள். இறங்கி வந்தவர் அவள் காதருகே, "நீ வேற ஒன்னு புதுசா ஆரம்பிச்சிக்க" என்றார்.

சொந்த ஊரான பெக்கோக்கிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அவளுடைய அம்மா செல்லம், மகளுக்குத்தான் இந்தப் பெருமையெல்லாம் என்று நினைத்து, கை சிவக்கத் தட்டியிருந்தாள்.

"சார் கால்ல விழுந்து கும்பிடும்மா. எவ்ளோ பெரிய ஆளு!"

"மாட்டேன்மா."

"அலமாக், என்னடி மரியாதை இல்லாம!"

அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளுக்குப் பதிலாகத் தானே குனிந்தாள். ராஜசேகரன் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார்.