பெர்க்கின்ஸ் அருவி

கினிகத்தேனைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த பேச்சியம்மாவுக்குப் பட்டப்பேர் வைக்கிற வாய். காய்ச்சலோ வயிற்றுவலியோ, எதற்கும் ஒரே சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்த தோட்டத்து மருந்துக்காரருக்குக் 'கலர்சோடா' என்று வைத்தவள் அவள்தான். எதைக் கேட்டாலும் பார்ப்போம் என்று சொல்லும் கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி 'பார்ப்போம் ஐயா' ஆனார். அவள் புருஷன் மாயாண்டிக்கும் ஒரு பேர் இருந்தது. அதை அவர் காதுபடச் சொல்லும் தைரியம் மட்டும் யாருக்கும் வரவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷத்து மழையில் தோட்டத்துப் பெர்க்கின்ஸ் துரையின் பங்களாக் கழிவுத்தண்ணீர்க் கான் உடைந்தது. பங்களாவுக்கு மலையுச்சி ஊற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வரும். துரை குளித்த தண்ணீரும் அவர் மாட்டுப்பட்டி கழுவிய தண்ணீரும் கான் வழியாக இறங்கி ஒதுக்குப்புறமாகப் போகும். உடைந்த பிறகு அது, வரிசைக் காம்பராக்களில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த பாறையில் கொட்டி, மலைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் நேரே கலந்தது. லயத்துச் சனத்துக்குக் குடிக்கவும் குளிக்கவும் அந்தப் பீலியை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது.

பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. கலர்சோடா அதே சிவப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். அடுத்த காம்பரா ராக்காயியின் கைக்குழந்தை தங்கவில்லை. புதைத்துவிட்டு வந்த பேச்சியம்மா, யாரையும் கேலி பண்ணாமல் கிடந்தாள். பிறகு நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கணக்கப்பிள்ளையிடம் போய்க் கானைக் கட்டித்தரச் சொன்னாள். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

மறுநாள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே பேச்சியம்மா பாறையைக் காட்டினாள்.

"துரை குளிச்ச தண்ணி, துரை மாடு கழுவுன தண்ணி. எல்லாம் அவரு சொத்துதான? அப்ப அவரு பேர வைக்கிறதுதான் மரியாத."

பெர்க்கின்ஸ் அருவி என்ற பேர் அந்த வாரமே லயம் முழுக்கப் பரவியது. கினிகத்தேனையில் அரிசிக்கடை வைத்திருந்த நூர்தீன் நானாவிடம் பேச்சியம்மாவே அதைச் சொன்னாள். அவர் லொறிக்காரர்களிடம் சொன்னார். கொஞ்ச நாளில் பஸ் கண்டக்டர் தோட்டத்து ரோட்டு முடக்கில், அருவியைச் சிங்களமாக்கி 'பெர்க்கின்ஸ் எல்ல' என்று கூவி ஆளிறக்க ஆரம்பித்தான்.

மாசியில் கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியதுரை வந்தார். அவருடைய துரைசானி அருவி அருவியாகத் தேடிப் படம் வரைகிறவள். இறம்பொடை அருவியடியில்கூட உட்கார்ந்து வரைந்தவளாம். கடையில் கார் நின்றபோது, பக்கத்தில் அருவி ஏதாவது உண்டா என்று அவள் கேட்டிருக்கிறாள். நூர்தீன் நானா சிரிக்காமல், பெர்க்கின்ஸ் அருவி என்று மேலே கைகாட்டிவிட்டார்.

தன் பேரில் ஓர் அருவி இருப்பது பெர்க்கின்ஸ் துரைக்கு அன்றைக்குத்தான் தெரியும். முகம் பூரித்துப்போய், தானே கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார். கணேசமூர்த்தி வழுக்கும் என்றார், அட்டை கடிக்கும் என்றார். துரைசானி பூட்ஸ் காலைத் தூக்கிக் காட்டினாள்.

கொழுந்து மலையைத் தாண்டும்போது துரை பெண்களிடம் வழி கேட்டார். பேச்சியம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னே நடந்தாள். வேலை போய்விடும் என்று ஒரு பக்கம் பயம். சிரித்துவிடுவோம் என்பது அதைவிடப் பெரிய பயம்.

பாறை கண்ணில் படுமுன்னே நாற்றம் வந்தது. துரைசானி கைக்குட்டையை எடுத்தாள். பீலியடியில் குடம் வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள், ராக்காயியும் நின்றாள். இதற்கு ஏன் இந்தப் பேர் என்று துரைசானி கேட்க, கணேசமூர்த்தி அதைத் தமிழாக்கினார். பேச்சியம்மா மலையில் சொன்னதை அப்படியே சொன்னாள். அதை இங்கிலீசில் திருப்பிச் சொல்ல வேண்டிய கணேசமூர்த்திக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஐயா ஏன் கஷ்டப்படுறீங்க?" என்றாள் பேச்சியம்மா. "துரைக்குத்தான் தமிழ் தெரியுமே. அவங்களே சொல்லட்டும்."

துரைசானி பெர்க்கின்ஸ் துரையின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அவர் கழுத்து சிவக்கச் சிவக்க ஏதோ முணுமுணுத்தார். அப்போது ராக்காயி நிறைகுடத்தை இடுப்பில் தூக்கி வைத்தாள். இதையா குடிக்கிறார்கள் என்று துரைசானி கேட்டது, இங்கிலீசு தெரியாத எல்லோருக்கும் விளங்கியது.

அடுத்த மாதம் கானுக்குச் சீமெந்து பூசினார்கள். மலையுச்சி ஊற்றிலிருந்து லயத்துக்கும் ஒரு குழாய் இறங்கியது. முதல் குடத்தை ராக்காயிதான் பிடித்தாள். பிடித்து முடித்ததும் குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதாள். துரைசானி அந்தப் பாறையைப் படமாக வரைந்து, கீழே பேரெழுதி, கொழும்பில் கம்பனிக் கந்தோரில் மாட்டிவிட்டதாக நூர்தீன் நானா சொல்லித் திரிந்தார். அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு நானாவின் சரக்கு என்று யாருக்கும் தெரியாது.

பேச்சியம்மாவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. செங்குத்தான மலையில் கொழுந்தெடுக்க நிரை கொடுத்துப் பழிதீர்த்துக்கொண்டார்கள். மழைக்காலம் முடியும்வரை முழங்கால் வலியோடு ஏறி இறங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ் டிவிஷன் பெண்கள் அவள் காம்பராவுக்கு வந்தார்கள். அவர்கள் லயத்தில் கக்கூஸ் இடிந்து விழுந்து ரொம்பக் காலமாம், கட்டித்தர ஆளில்லையாம். கருப்பட்டிப் பொட்டலத்தை நீட்டி, ஒரு நல்ல பேராக வைத்துத் தரும்படி கேட்டார்கள்.

பேச்சியம்மா கருப்பட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். தலைமுடியை அள்ளி முடிந்தாள்.

"வாங்க, நேர்ல பாத்துட்டுத்தான் வைக்கணும்" என்று வாசல் இறங்கினாள்.