சங்கஞ்செடிக்கு வரும் விருந்தாளி

எங்கள் அடையாறு குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி மனையில் சங்கஞ்செடி மண்டிக் கிடந்தது. கணுவுக்குக் கணு முள். அதைச் சுற்றித்தான் அந்தச் சின்ன வண்ணத்துப்பூச்சி பறக்கும். வெளிறிய ரோஜா நிறம், கறுப்புக் கரை, கரையில் வெளிர்ப் பொட்டுகள். "ஏன்னா, சுங்கடிப் புடவை உடுத்திண்டு வந்துடுத்து" என்று என் மனைவி பால்கனியிலிருந்து கூப்பிடுவாள். காபி ஆறினாலும் ஆறட்டும் என்று போய் நிற்பேன்.

மகா சோம்பேறிப் பூச்சி. வெயில் ஏறிய பிறகுதான் தலைகாட்டும். முழங்கால் உயரத்துக்கு மேல் பறக்காது. தரையோரப் புல்பூண்டுப் பூக்களில் தேன் குடித்துவிட்டு, சிறகை விரித்து வெயில் காயும். அதன் பச்சைப் புழுக்களோ சங்க இலையைத் தவிர வேறெதையும் தொடாது.

மகளின் பிரசவத்துக்காக மனைவி அமெரிக்கா போனாள். அவள் போன கையோடு, எங்கள் குடியிருப்பில் சிலர் அந்த மனைக்காரரிடம் அனுமதி வாங்கி முள்ளையெல்லாம் வெட்டிவிட்டு, இட்லிப்பூச் செடி வரிசையாக நட்டார்கள். எதற்கு? வண்ணத்துப்பூச்சித் தோட்டமாம்! பலகைகூட வைத்தாகிவிட்டது. பூச்சிதான் வரவில்லை.

"ஏன்னா, வந்துதா?" என்று தினமும் வீடியோவில் கேட்பாள். "வரலைடி" என்பேன். அவள் முகம் வாடும். எனக்கு வீடே வெறிச்சென்று இருக்கும். குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று மகள் அவளை இன்னும் சில மாதம் நிறுத்திக்கொண்டாள். நானும் பெரிய மனசுக்காரன் போல, "இருந்துட்டு வா" என்று சொல்லிவைத்தேன்.

பொறுக்கமாட்டாமல், திருவான்மியூர்ப் பக்கம் ஒரு மனை ஓரத்திலிருந்து சங்கக்கன்று ஒன்றைப் பெயர்த்து வந்து, கீழே சுவரோரம் தொட்டியில் வைத்தேன். கை முழுக்கக் கீறல். துளிர் விட்டது. அப்புறம் ஒரு காலை இலை ஓரத்தில் கடித்த தடம். அடியில் பச்சைப் புழு. அடுத்த மாதம் ரோஜா நிறச் சிறகு ஒன்று தொட்டியின் விளிம்பில் வெயில் காய்ந்தது.

போனைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன். துள்ளுவாள் என்று நினைத்தேன்.

"நான் இல்லாமலே வந்துடுத்தா? நான் வர வரைக்கும் காத்திண்டிருக்கப்படாதோ?"

"அது எங்கே காத்திண்டிருக்கும்? நான்தான் காத்திண்டிருக்கேன். கிளம்பி வாயேன்டி."